பற்றைக் காணியின் தேடிய தேட்டம்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு காணியைத் துப்புரவாக்கியாயிற்று என்றால் இப்போது எல்லோருக்கும் ஒரே காட்சிதான் கண்ணில் வருகிறது. புல் இல்லை, வேர் இல்லை, எல்லையில் ஒரு கதியால்கூட இல்லை. மூலைக்கு மூலை செம்மண் வெயிலில் காய்கிறது. அன்று மாலையே அதன் படம் ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ போய்விடும். "இப்பதான் காணி காணி மாதிரிக் கிடக்கு" என்று அங்கிருந்து பதில் வரும். அடுத்த மாரி முடிந்து அதே காணியில் கத்தரியும் மிளகாயும் வைத்தவர்கள், கன்று எழும்பவில்லை, மண் சரியில்லை என்று சொல்லி உரப்பைக்குக் கடையேறுவார்கள்.

மண்ணில் ஒரு குற்றமும் இல்லை. துப்புரவு என்ற பெயரில் அந்த மண்ணுக்கு நாங்கள் செய்த வேலையில்தான் குற்றம். பற்றை மூடிய காணியில் பயிர் வைக்க வேண்டுமென்றால் முதலில் அதை வெறுந்தரையாக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் ஊரில் கேள்வியில்லாமல் ஊன்றிவிட்டது. பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து வழி, கும்பியாக்கி எரி, மிச்சத்துக்கு மருந்தடி. இந்த மூன்று வேலையும் தோட்டத்துக்கான ஆயத்தம் என்று நம்புகிறோம். இவை மூன்றும் தோட்டத்தைத் தொடங்கும் முன்பே அழிக்கும் வேலைகள் என்பது என் வாதம்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை நான் அறிவேன். அதன் பின்னுள்ள மனதை மதிக்கிறேன். 1995 ஒக்டோபர் 30 அன்று போரால் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்களைப் படலைக்குள் வரவேற்றது பற்றைதான். கிணற்றுக்கட்டில் ஆலங்கன்று, முற்றத்தில் நாயுருவி, அடிவளவில் ஆளுயர நாயுண்ணி. திரும்பி வராதவர்களின் வளவுகளில் அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எனவே பற்றை என்றால் எங்களுக்குப் பிரிவு. அதை வெட்டுவது வீடு திரும்பியதன் அடையாளம். ஆனால் துயரத்தை ஆற்றும் வேலையும் பயிர் வைக்கும் வேலையும் ஒன்றல்ல. முதலாவதற்குப் பெக்கோ போதும். இரண்டாவதற்கு அது எதிரி.

எங்கள் வழக்கிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமை, குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று பிரித்தது. முன்னோர் விட்டது முதுசம். பெண்ணோடு வருவது சீதனம். வாழ்ந்த காலத்தில் உழைத்துச் சேர்த்தது தேடிய தேட்டம். காணி உங்கள் முதுசமோ சீதனமோ ஆகலாம். ஆனால் 20, 25 வருடமாக அதன்மேல் விழுந்து மக்கிய சருகும், பூவரசும் வேம்பும் ஆழத்திலிருந்து வேரால் இழுத்து இலையாகக் கொட்டிய சத்தும், மண்புழு துளைத்த துளைகளும் எவரும் கொடுத்தவையல்ல. நீங்கள் இல்லாத காலத்தில் அந்தக் காணி தானே உழைத்துச் சேர்த்த தேட்டம் அது. துப்புரவு என்று நாங்கள் முதலில் அழிப்பது அதைத்தான்.

எவ்வளவு அழிகிறது என்று கணக்குப் பார்க்கலாம். ஒரு பரப்பு என்பது 10 பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 2,722 சதுர அடி. பெக்கோவின் வாளி வேரோடு வழிக்கும்போது நாலு அங்குலம் மேல்மண் போவது சாதாரணம். ஒரு பரப்புக்கு அது ஏறக்குறைய 9 கியூப். நாலு பரப்பு வளவென்றால் 36 கியூப். வீடு கட்டுகிறவர் ஒரு கியூப் மண்ணுக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். அதைவிட முக்கியமானது, போவது எந்த மண் என்பது. செம்பாட்டு மண்ணில் உக்கல் இயல்பாகவே குறைவு. எங்கள் வெயிலில் அது வேகமாகக் கரைந்துபோகும். இருக்கிற கொஞ்சமும் மேல் சில அங்குலத்துக்குள்தான். அதை மூலைக்குத் தள்ளிவிட்டு அடிமண்ணில் கன்று வைக்கிறோம். பிறகு கன்று எழும்பவில்லை என்கிறோம்.

வெறுமையான செம்மண் எங்கே போய் முடியும் என்பதைக் கடலுக்கு அப்பால் பார்க்கலாம். 1968இல் புதுச்சேரிக்கு அருகே ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் மரமற்றுப் பிளந்து கிடந்தது. மழைக்கு மழை செம்மண் வங்கக்கடலுக்கு ஓடியது. வந்தவர்கள் வரம்பு கட்டி, மரம் வைத்து, அந்தத் தரையில் மறுபடி பற்றை பிடிப்பதற்கே ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். அவர்கள் உழைத்துப் பெற்றதை நாங்கள் காசு கொடுத்து ஒரு பகலில் கழிக்கிறோம்.

"பற்றையை விட்டால் களை பெருகுமே" என்பது வழிக்கச் சொல்பவர்களின் வாதம். கோரையையும் அறுகையும் அறிந்த எந்தத் தோட்டக்காரரும் இதை ஏற்கமாட்டார். கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும். சங்கிலி முழுதாய் இருக்கும்வரை பல கிழங்கு உறங்கும். வாளியும் சுழல்கலப்பையும் அதை அறுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கும். அறுகு அப்படியே, வெட்டிய ஒவ்வொரு கணுவும் ஒரு புதுப் புல். இரண்டுக்கும் ஆகாதது நிழல். ஆளுயரப் பற்றையின் அடியில் கோரை மெலிந்து கிடந்ததைக் கண்டிருப்பீர்கள். வழித்து வெயிலைத் திறந்துவிட்ட மறுமாரியில் அதே இடம் கோரை விரிப்பாகிவிடும். களையை ஒழிக்கவென்று செய்த வேலைதான் அதற்கு வழி திறந்தது.

பார்த்தீனியம் இதைவிடப் பெரிய பாடம். இது வெளியிலிருந்து வந்த செடி. ஒரே செடி 10,000க்கும் மேற்பட்ட விதை தரும். தொட்டால் பலருக்குத் தோல் அரிக்கும், அதன் மகரந்தம் மூச்சை இழுக்கும். அதற்கு மிகப் பிடித்த இடம் அண்மையில் கிளறப்பட்ட வெறுந்தரை. புல்லும் செடியும் நெருங்கி நிற்கிற இடத்தில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. ஒரு காணியில் வேலை முடித்த இயந்திரம் சில்லிலும் வாளியிலும் ஒட்டிய மண்ணோடு அடுத்த காணிக்குப் போகிறது. விதையும் கூடவே போகிறது. அதற்கென்று விரித்துவைத்த பாயில் அது படுக்காமல் என்ன செய்யும்? பார்த்தீனியத்தை நானும் விட்டுவைக்கச் சொல்லவில்லை. பூக்கும் முன்பே, கையுறை போட்டு, ஈர மண்ணில் வேரோடு பிடுங்க வேண்டும். ஆனால் அதைப் பிடுங்குவதற்காக முழுக் காணியையும் வழிப்பது, அது மீண்டும் வருவதற்கு நாளும் இடமும் குறித்துக் கொடுப்பதாகும்.

இனி நெருப்பு. "சாம்பல் உரம்தானே" என்கிறார்கள். மலைநாட்டின் புளித்த மண்ணில் சாம்பலுக்கு ஒரு பயன் உண்டு. எங்கள் காலடியில் இருப்பது சுண்ணக்கல். அதன்மேலுள்ள மண்ணுக்குக் காரம் குறைவில்லை. மேலும் காரம் ஏறினால் இரும்பும் நாகமும் பயிருக்கு எட்டாமல் போகும், இலை மஞ்சளிக்கும். பற்றை எரியும்போது அதிலுள்ள நைதரசனின் பெரும்பங்கு புகையோடு வானத்துக்குப் போகிறது. அந்த நைதரசனைத்தான் பிறகு வெள்ளைக் குருணையாய் யூரியா என்று வாங்கி வருகிறோம். ஒழுங்கை முழுவதும் இருமிய புகைக்கு நாங்கள் கொடுத்த விலை அது.

மூன்றாவது ஆயுதம் களைநாசினி. இலங்கையில் இதன் கதை எல்லோரும் அறிந்தது. பரகுவாட் 2008 முதல் 2011 வரை படிப்படியாக நிறுத்தப்பட்டது. கிளைபோசேட் 2015இல் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. 2022இல் தடை நீங்கியது. தடை நீங்கியது என்றால் வளவுக்குள் தாராளமாய் அடிக்கலாம் என்று பொருளல்ல. அது பச்சை இலை வழியாகத்தான் வேலை செய்யும். உறங்கும் கோரைக் கிழங்கும் மண்ணிலுள்ள விதையும் அதற்குத் தப்பிவிடும். காற்றில் பறந்து பக்கத்து வளவின் கத்தரியில் படியும். அடித்துக் கருகிய பற்றையை மறுபடி எரிக்கத்தான் போகிறோம். பிறகு எதற்காக அடித்தோம்?

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பு மண்ணோடு நிற்காது, கிணற்றுக்குப் போகும். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரைக்குள் கொட்டிவிடும். அது சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீராகத் தங்குகிறது. அதைத்தான் வருடம் முழுவதும் அள்ளிக் குடிக்கிறோம். ஒரு பரப்பில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 12,000 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீர். செடியும் சருகும் இருந்தால் துளி தணிந்து மண்ணுக்குள் இறங்கும். கரைந்த சத்தை வேர் பிடித்துக்கொள்ளும். வெறுந்தரையில் பிடிக்க வேர் ஏது? நைத்திரேற்று நேரே கிணற்றுக்கு இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை எல்லையாக வைத்திருக்கிறது. தோட்டச் செய்கை நெருங்கிய எங்கள் பகுதிகளில் அதைத் தாண்டிய கிணறுகள் உண்டு என்று நீர்ப் பரிசோதனைகள் பல முறை காட்டிவிட்டன. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது எவ்வளவு ஆபத்து என்று மருத்துவர்களிடம் கேளுங்கள். மாரிக்கு முன் காணியை வழித்துப் போடுகிறவர் தன் கிணற்றை மட்டும் கெடுப்பதில்லை. நிலத்தடியில் வேலி கிடையாது.

பாம்பும் நுளம்பும் எதிர்த்தரப்பின் கடைசி அரண். பாம்புப் பயம் பொய்யல்ல. புடையன் கடித்த வீட்டில் இதை இலேசாகப் பேச எனக்கு வாய் வராது. அதனால்தான் சொல்கிறேன்: பெக்கோ ஒரு மூலையில் தள்ளி மாதக்கணக்கில் விட்டுப்போகும் வேரும் கல்லும் கலந்த கும்பியைவிடப் பாம்புக்கு நல்ல வீடு வேறில்லை. எலி அங்கே குடியேறும். பாம்பு எலிக்குப் பின்னால் வரும். ஒரு பக்கத்திலிருந்து மெல்ல வெட்டிக்கொண்டு போனால் அதற்கு விலகிப் போக வழியும் நேரமும் கிடைக்கும். வீட்டைச் சுற்றி நாலைந்து யார் அகலத்துக்குப் புல்லைச் செருக்கி வெளியாக வைத்திருங்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை. முழங்கால் வரை சப்பாத்தும் கையில் நீளத் தடியும் இல்லாமல் எவரையும் பற்றைக்குள் இறக்காதீர்கள்.

நுளம்பு விடயத்தில் இன்னும் தெளிவாகப் பேச வேண்டும். 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. அந்தப் பயத்தில் பற்றைகள் வழிக்கப்பட்டன. ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில்: சிரட்டையில், டயரில், யோகட் கோப்பையில், அடைத்த பீலியில். எங்கள் ஊரிலேயே இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆய்வாளர்கள், இந்த நுளம்பு கிணறுகளிலும் உவர் கலந்த நீரிலும்கூடப் பெருகுவதைக் காட்டியிருக்கிறார்கள். அடர்ந்த நிழலில் நுளம்பு தங்கும் என்பது உண்மை. அதற்குக் கீழ்க்கிளை கழித்துக் காற்று விட்டால் போதும். சிரட்டையையும் டயரையும் பொறுக்காமல் பற்றையை மட்டும் வழித்தால் நுளம்புக்கு ஒன்றும் ஆகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது அவருக்குக் காட்ட வேண்டியது ஒரு சிரட்டைகூட இல்லாத வளவை. வெறுந்தரையை அல்ல.

"வேலைக்கு ஆள் எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முழுக் காணியையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் ஆள் இல்லாமல் போகிறது. நடக்கூடிய அளவுக்கே வெட்ட வேண்டும் என்று முடிவெடுத்தால் கத்தியும் மண்வெட்டியும் தெரிந்த ஒருவர் போதும். வேலையின் முறையைச் சொல்கிறேன். இதில் எதுவும் என் கண்டுபிடிப்பல்ல, எங்கள் பெரியவர்கள் தோட்டத்தறையில் செய்தவைதான்.

முதலில் வெட்டாதீர்கள், நடந்து பாருங்கள். பழைய கிணறு எங்கே, மலகூடக் குழி எங்கே, எல்லைக் கதியால் எது என்று கயிறு கட்டி அடையாளம் வையுங்கள். பற்றைக்குள் மறைந்த பாழ்கிணறு ஆளையும் விழுங்கும், இயந்திரத்தையும் விழுங்கும். போத்தல், தகரம், பொலித்தீன் எல்லாவற்றையும் பொறுக்குங்கள். பிறகு நிற்பதில் எது யார் என்று பாருங்கள். காய்க்க 15, 20 வருடம் எடுக்கும் பனையின் வடலியைக் களை என்று வெட்டுவது பாவம். வேப்பங்கன்று, கறிவேப்பிலை, ஆடாதோடை, நொச்சி நிற்கட்டும். மொசுமொசுக்கை, முடக்கொத்தான், தூதுவளை, சாரணை எல்லாம் உங்கள் வேலியோரம் படர்ந்திருக்கும். அவற்றை எரித்துவிட்டுத் திருநெல்வேலிச் சந்தையில் பிடி பிடியாய்க் காசு கொடுத்து வாங்குகிறோமே, இது என்ன கணக்கு?

அடுத்து ஆடு. அயலில் ஆடு வளர்ப்பவரைக் கூப்பிட்டு இரண்டு வாரம் கட்டவிடுங்கள். எட்டிய இலையை அவை தின்று, எருவாய்த் திருப்பித் தரும். மிஞ்சியதைக் கத்தியால் அடியோடு வெட்டி, வேரை மண்ணுக்குள்ளேயே விடுங்கள். செத்த வேர் மக்கும்போது தண்ணீருக்கும் மண்புழுவுக்கும் அதுவே குழாய். மறுபடி துளிர்க்கும் நாயுண்ணியையும் இப்பில் இப்பிலையும் மட்டும் அலவாங்கால் கிளப்புங்கள்.

வெட்டிய குழை ஒன்றும் படலைக்கு வெளியே போகக்கூடாது. கிணற்றடிக்குக் கிட்ட, தண்ணீர் எட்டும் இடத்தில் இரண்டு மூன்று பாத்திக்கு மட்டும் கிடங்கு வெட்டி, இளங்குழையைத் தாழ்த்தி மண்ணால் மூடுங்கள். புகையிலைத் தறைக்குக் குழை தாழ்த்திய ஊர் இது. அந்தச் சொல்லை உச்சரிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விதை பிடித்த செடிகளைத் தனியே வைத்து உக்கவிடுங்கள். மற்ற இடமெல்லாம் வெட்டிய குழையும் பழைய பனையோலையும் கடதாசி மட்டையும் தடிப்பாய் மூடிக் கிடக்கட்டும். அதனடியில் கோரை மெலியும். மழை விழுந்ததும் சணலோ பயறோ நெருக்கி விதையுங்கள். பூக்கும் தருணத்தில் வெட்டி மண்ணுக்குக் கொடுங்கள். பல தானியம் விதைத்து மடக்கி மண்ணைத் தேற்றும் முறையை இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தமிழ்நாடெங்கும் சொல்லித் திரிந்தார். ஒவ்வொரு போகத்துக்கும் இரண்டு பாத்தி கூடும். மூன்று வருடத்தில் முழு வளவும் தோட்டமாகும். மெதுவாகப் போனதால் ஒரு அங்குல மண்ணும் இழந்திருக்கமாட்டீர்கள்.

இது பழைமை மோகம் என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு இரண்டு ஆண்டுகளை நினைவுபடுத்துகிறேன். 1990இல் குடாநாட்டின்மேல் விழுந்த பொருளாதாரத் தடையில் யூரியாவும் அகப்பட்டது. அப்போது இந்த மண்ணைக் காத்தது வேலிக் குழையும் மாட்டெருவும். 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. நவம்பரில் பின்வாங்குவதற்குள் விவசாயி நொடிந்துபோனார். அந்த முடிவை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த மாதங்களில் சேதனப் பசளை எங்கே கிடைக்கும் என்று ஊர் முழுவதும் அலைந்தோம் என்பது உண்மை. அதே ஊரில், அதே மாதங்களில், பற்றைக் கும்பிகள் எரிந்துகொண்டிருந்தன.

ஆகவே கடல்கடந்து இருக்கும் காணிக்காரருக்கு என் வேண்டுகோள் இது. வெறுந்தரைப் படத்தைக் கேட்காதீர்கள். நீங்கள் கேட்பதால்தான் இங்கே வழிக்கிறார்கள். அடுத்த முறை தொலைபேசியில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பெக்கோ வேண்டாம் தம்பி. கத்தியோட ஒராள் போதும். கிணத்தடியில இருந்து தொடங்கு. குழையை வெளியில விட்டிடாத. முதல் பாத்தியில என்ன வைக்கிறாய் எண்டு மட்டும் சொல்லு."